ஆறு உணவும், அந்தரத்தில் ஆடும் கால்களும்

கேள்வி: என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. வெள்ளைச் சோறு, பால், பிரெட், உருளைக்கிழங்கு சிப்ஸ், குறிப்பிட்ட ஒரு கம்பெனி பிஸ்கட், முழுசாக உரித்துக் கொடுத்த வாழைப்பழம். இந்த ஆறைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. வாழைப்பழம் கையில் உடைந்துவிட்டால் அதுவும் வேண்டாம். போன வருடம் வரை முட்டையும் தயிரும் சாப்பிட்டான், இப்போது அவையும் போய்விட்டன. வேறு எதையாவது பிசைந்து ஊட்டினால் ஓங்கரிக்கிறான். போனில் வீடியோ போட்டுக்கொண்டு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஊட்டுகிறேன். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாக மாமியார் சொல்கிறார். ஒரு நாள் பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடுவான் என்பது கணவரின் கட்சி. எடை பரவாயில்லை, ஆனாலும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டை வீட்டுக்கே வரச்சொல்லிப் பாருங்கள் என்கிறார் டாக்டர். சாப்பாட்டுக்கு எதற்குத் தெரபி? வீட்டுக்கு வந்து அப்படி என்ன செய்வார்கள்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடைந்த வாழைப்பழம் வேண்டாம் என்கிறானே, அந்த வரி. உடைந்தாலும் நமக்கு அது அதே பழம்தான். அவனுக்கு அது வேறு சாமான். நேற்று சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்த, நீளமான, வழுவழுப்பான பொருள் இல்லை இது. ஒரே கம்பெனி பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டதும் இதனால்தான். பிஸ்கட் என்றைக்கும் ஒரே வட்டம், ஒரே மொறுமொறுப்பு, ஒரே வாசனை. காயும் பழமும் அப்படியா? ஒன்று புளிக்கும், அடுத்தது இனிக்கும், இன்னொன்று நடுவில் கனிந்து கொழகொழவென்று இருக்கும். அடுத்த வாயில் என்ன வரும் என்று தெரியாத பிள்ளை, தெரிந்த ஆறோடு நின்றுகொள்கிறான்.

சரி, தெரபி எதற்கு என்று கேட்டீர்கள். ஆக்குபேஷன் என்றதும் உத்தியோகம்தான் நினைவுக்கு வரும். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று என்னிடமே பலர் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். எங்கள் துறையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், ஒருவர் அன்றாடம் செய்யும் காரியங்கள். உடுத்துவது, குளிப்பது, விளையாடுவது, தூங்குவது, சாப்பிடுவது. இவற்றில் உடம்புக்கும் புலன்களுக்கும் அதிக வேலை வைப்பது சாப்பாடுதான். நிறம், வாசனை, சூடு, கையில் படும் பிசுபிசுப்பு, வாய்க்குள் மாறிக்கொண்டே இருக்கும் பதம், கடிக்கும் சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். அதோடு நாக்கு உணவைக் கடைவாய்ப் பக்கம் தள்ள வேண்டும், தாடை சுழன்று அரைக்க வேண்டும். பெரியவர்களைப் போல அரைக்கும் பக்குவம் பிள்ளைகளுக்கு மூன்று வயதை ஒட்டித்தான் முழுசாக வருகிறது.

இப்போது உங்கள் பிள்ளையின் ஆறையும் பாருங்கள். எல்லாம் வெளிர் நிறம். பெரிய வாசனை இல்லை. ஒவ்வொன்றும் வாயில் ஒரே பதம், எதையும் கடைவாயில் போட்டு அரைக்கத் தேவையில்லை. மொறுமொறுப்பானவைகூட எச்சில் பட்டதும் கரைந்துவிடும். பிசைந்து ஊட்டும்போது ஏன் ஓங்கரிக்கிறான் என்பதற்கு விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மெத்தென்று பிசைந்த சாப்பாட்டுக்குள் ஒரு கட்டி, ஒரு நார் என்று இரண்டு பதம் கலந்து வருவதுதான் இப்படிப்பட்ட வாய்க்கு ஆகக் கடினமானது. சூப்பில் மிதக்கும் காய்த்துண்டு, அவித்த கேரட்டை விடக் கஷ்டம். பல்லே தேவையில்லாத சாப்பாடு என்று நாம் நினைத்துப் பிசைகிறோம். அவனுக்கு அதுதான் புதிர்.

புலன்கள் தரும் செய்திகளை மூளை சேர்த்துக் கோர்க்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும் என்ற சிந்தனையை எங்கள் துறைக்குள் கொண்டுவந்தவர் ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். 1960, 70களில் எழுதினார். அவர் சொன்ன எல்லாமே நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதைச் சுற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் அடம் என்று எல்லோரும் சொல்லும் பிள்ளையை வேறு மாதிரி பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சிந்தனைதான்.

மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு என்று சொன்னால் கோபிக்காதீர்கள். கொஞ்சம் பிகு பண்ணிச் சாப்பிடுவது இந்த வயதுக்கு இயல்பு. முதல் வருடத்தில் குழந்தையின் எடை மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 2 கிலோதான் ஏறும். பசி குறையத்தானே செய்யும்? புது உணவைக் கண்டு மிரள்வதும் இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் உச்சத்தில் இருக்கும். ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த முட்டையும் தயிரும் போய், திரும்பி வராமல் இருப்பது அந்தக் கணக்கில் சேராது. மொத்தமே இருபது உணவுக்குக் கீழே இருந்து, விட்டதும் திரும்பாமல், ஒரு வகைப் பதம் முழுவதையும் ஒதுக்கினால், அதை வெறும் பிகுவாக நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. செல்லத்தால் வருவதும் இல்லை இது. கணவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். பசியை விடப் பயம் பெரிதாக இருக்கும் பிள்ளை, பட்டினி போட்டால் பட்டினியாகவே கிடக்கும். அந்தச் சோதனை வேண்டாம்.

தெரபிஸ்ட் வருவதற்கு முன்னால் டாக்டரிடம் சில கேள்விகளை முடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. அரை லிட்டரைத் தாண்டினால் பசி அங்கேயே அடங்கிவிடும், இரும்புச்சத்தும் குறையும், இரும்பு குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். மலச்சிக்கல் இருக்கிறதா? இந்த ஆறு உணவில் நார்ச்சத்து எங்கே இருக்கிறது, மலச்சிக்கல் இருந்தால் ஆச்சரியமில்லை. வயிறு கட்டிய பிள்ளை சாப்பிடாது. சொத்தைப் பல், வீங்கிய டான்சில், எதுக்களிப்பு, இவற்றையும் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி இருமல், சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, எடை இறங்குவது, இவற்றில் எது இருந்தாலும் அது வீட்டுத் தெரபியில் தொடங்கும் விஷயம் இல்லை. முதலில் விழுங்குதலைப் பரிசோதிக்கும் நிபுணரிடம் போக வேண்டும். பேச்சு, பழகும் விதம் பற்றியும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். உணவைக் கறாராகத் தேர்ந்தெடுப்பது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அதிகம், ஆனால் அது இல்லாத பிள்ளைகளிடமும் உண்டு. ஆர்ஃபிட் என்ற பெயரும் உங்கள் காதில் விழலாம். சாப்பாட்டைத் தவிர்ப்பதால் வளர்ச்சியோ சத்தோ அன்றாட வாழ்க்கையோ பாதிக்கப்படும் நிலைக்கு 2013ல் மனநல மருத்துவக் கையேட்டில் கொடுத்த பெயர் அது. உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கவலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த முத்திரையை நீங்களாகக் குத்தவும் வேண்டாம், கேட்டதும் பதறவும் வேண்டாம்.

இனி, வீட்டுக்கு வந்து என்ன செய்வோம் என்ற கேள்வி.

முதல் நாள் நான் பிள்ளையைத் தொடுவதே இல்லை. வழக்கமாக எப்படிச் சாப்பிடுவானோ அப்படியே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். முதலில் பார்ப்பது வாயை இல்லை, காலை. பெரியவர்களின் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையின் கால் தரைக்கு ஓர் அடி மேலே ஆடிக்கொண்டிருக்கும். நீங்களே ஓர் உயரமான ஸ்டூலில், கால் எங்கும் படாமல் உட்கார்ந்து பத்து நிமிடம் சாப்பிட்டுப் பாருங்கள். இடுப்பும் முதுகும் விழாமல் இருப்பதற்கே பாதி கவனம் போய்விடும். அவனுக்கு அந்தப் பாடு வேளைக்கு ஒன்றரை மணி நேரம். அடிக்கடி இறங்கி ஓடுகிறான் என்று திட்டு வேறு வாங்குவான். காலுக்குக் கீழே ஒரு மணை, இல்லையென்றால் பழைய புத்தகங்களை அடுக்கி டேப் சுற்றிய ஒரு கட்டு. முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் சதுரமாக மடங்கி, மேசை அவன் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். இதற்கு நான் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றைக்கே செய்யுங்கள். இது மட்டும் செய்தால் கேரட் சாப்பிட்டுவிடுவான் என்று சொல்லவில்லை. இது இல்லாமல் மற்றது எதுவும் நிற்காது.

பிறகு சுற்றுப்புறம். காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டு இரவில் அழுத ஒரு சிறுமியை ஆறு வாரம் எங்கள் மையத்தில் பார்த்தேன். அங்கே சமர்த்தாகச் சாப்பிட்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வீட்டுக்கு ஓர் இரவு போனபோது ஐந்தே நிமிடத்தில் புரிந்தது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் அவள் நாற்காலி. உள்ளே மிக்ஸி ஓடுகிறது, எண்ணெய் காய்கிற வாசனை, ஹாலில் டிவி, மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து "சாப்பிடு, சாப்பிடு". நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றினோம். அவள் உட்கார்வதற்குப் பத்து நிமிடம் முன்பே மிக்ஸி வேலையை முடித்தார்கள். அதற்கப்புறம் இரவில் அழுகை நின்றது. மையத்தில் ஊஞ்சலும் பந்துத் தொட்டியும் இருக்கும், அவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் பிள்ளை தினமும் சாப்பிட வேண்டியது வீட்டு நாற்காலியில், வீட்டுத் தட்டில், வீட்டு மனிதர்களோடு. உங்கள் டாக்டர் வீட்டுக்கு வரச்சொல்லிப் பார்க்கச் சொன்னது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பலருக்குப் பிடிக்காத வேலை. முதல் மூன்று வாரம் அவனைப் புதிதாக எதையும் சாப்பிட வைக்க முயல வேண்டாம். ஆமாம், முயலவே வேண்டாம். அந்த ஆறையே கொடுங்கள். ஆனால் கொடுக்கும் முறையை மாற்றுங்கள். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன ஒரு பங்கீடு உண்டு. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இந்த இரண்டாம் பாதியை விட்டுக்கொடுக்கத்தான் நமக்கு மனசு வராது. இரண்டரை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை உட்காரட்டும், நடுவில் தண்ணீர் மட்டும். முப்பது நிமிடத்தில் முடியுங்கள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுங்கள், முகம் சுளிக்காமல். பட்டினி போடுவது வேறு, இது வேறு. மேசையில் அவனுக்குத் தெரிந்த ஒன்றாவது எப்போதும் இருக்கும், அடுத்த வேளையும் சீக்கிரமே வரும்.

போனை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். வீடியோ ஓடும்போது வாயில் என்ன இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் உங்களால் ஊட்ட முடிகிறது. அதனால்தான் எதையும் பழகவும் மாட்டேன் என்கிறான், பசி அடங்கியதும் தெரிவதில்லை. முதல் வாரம் ஒரு வேளைக்கு மட்டும், அதுவும் கடைசிப் பத்து நிமிடம், திரையைக் கவிழ்த்துப் பாட்டு மட்டும் ஓடட்டும். அப்புறம் அந்த வேளை முழுவதும். அப்புறம் அடுத்த வேளை.

"ஒரே ஒரு வாய்", "அம்மாவுக்காக ஒண்ணு", "இதைச் சாப்பிட்டால் சாக்லேட்". இந்த மூன்றையும் பூட்டி வையுங்கள். லீன் பிர்ச் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 1984ல் சிறு பிள்ளைகளுக்குப் பரிசு காட்டிப் புதிய பானம் ஒன்றைக் குடிக்க வைத்தார்கள். பிள்ளைகள் குடித்தார்கள், ஆனால் அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்துபோனது. லஞ்சம் கொடுத்துச் சாப்பிட வைக்கும் பண்டம் மோசமாகத்தானே இருக்க வேண்டும் என்பது பிள்ளையின் கணக்கு. அதில் தப்பென்ன? பேச வேண்டுமென்றால் பொருளைப் பற்றிப் பேசுங்கள். "இது கடித்தால் டக்கென்று சத்தம் வருது", "இது உள்ளே ஈரமா இருக்கு". அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், நீங்கள் கடித்துக்கொண்டே சொல்லுங்கள்.

மூன்று வாரம் கழித்துப் புதியது. ஒரு பிள்ளையோடு கேரட்டில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் நாள் அவித்த கேரட் என் தட்டில் மட்டும், அவனுக்கு எதிரே. இரண்டாம் வாரம் மேசை நடுவில் ஒரு கிண்ணத்தில், பக்கத்தில் ஓர் இடுக்கி. இடுக்கியால் எடுத்து என் தட்டில் போடுவது அவன் வேலை. ஒரு துண்டு நழுவி அவன் மணிக்கட்டில் பட்டது. துடைத்துக்கொண்டான், அழவில்லை. அன்றைக்கு எனக்கு அதுவே போதும். பிறகு விரலால் அழுத்திப் பார்த்தான், நகத்தால் கீறினான், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஐந்தாவது வாரம் உதட்டில் வைத்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் என் கேரட்டை மென்றுகொண்டிருந்தேன். ஏழாவது வாரம் கடித்தான், பக்கத்துக் கிண்ணத்தில் துப்பினான். அந்தத் துப்பும் கிண்ணம் முக்கியம். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே விடத் துணிவு வரும். மாமியார் முகம் சுளித்தால், தெரபிஸ்ட் சொன்னது என்று பழியை என் மேல் போடுங்கள். விழுங்கியது பத்தாவது வாரம், கடுகளவு. இந்தப் படிகளை 32 ஆகப் பிரித்த கே டூமி என்ற உளவியலாளரின் முறையும் எங்கள் துறையில் புழக்கத்தில் இருக்கிறது. எண்ணை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். தொடுவதும் முகர்வதும் துப்புவதும் சாப்பிடுவதில் சேர்ந்தவைதான் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் போதும். ஒரு ருசி பழகவே எட்டிலிருந்து பதினைந்து முறை வரை வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்று, நான்கு முறையோடு கைவிட்டுவிடுகிறோம்.

உங்கள் பிள்ளைக்குக் கேரட்டில் தொடங்க மாட்டேன். அவனிடம் இருப்பதிலிருந்தே ஓர் அடி நகர்த்துவேன். சிப்ஸ் இருக்கிறதல்லவா? வேறு கம்பெனி சிப்ஸ். பிறகு வீட்டில் சீவி வறுத்தது, கொஞ்சம் தடிமனாக வறுத்தது, விரல் நீளத்துக்கு வெட்டியது, கடைசியில் அவித்த உருளைக்கிழங்கு. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாறட்டும், வடிவமோ நிறமோ ருசியோ. பிஸ்கட்டையும் நாள் தவறாமல் ஒரே மாதிரி கொடுக்காதீர்கள். ஒரே உணவைத் தினமும் தின்று சலித்து அதையும் விட்டுவிடுவது இப்படிப்பட்ட பிள்ளைகளின் வழக்கம். முட்டையும் தயிரும் அப்படிப் போயிருக்கலாம். வாழைப்பழத்தை நீங்கள் உடைக்க வேண்டாம். முனை மழுங்கிய கத்தியை அவன் கையில் கொடுத்து அவனையே வெட்டச் சொல்லுங்கள். தின்னாமல் உங்களுக்குக் கொடுத்தாலும் சரி, தன் கையால் துண்டானது தெரிந்த பொருள்தானே.

எதையும் ஒளித்துக் கொடுக்காதீர்கள். இதை நான் செய்து கெட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பிள்ளை விரும்பிக் குடித்த பாலில் அரைத்த காயை இரண்டு ஸ்பூன் கலக்கச் சொன்னேன். இரண்டு நாள் குடித்தான். மூன்றாம் நாள் கண்டுபிடித்தான். பால் போனது, வெள்ளை டம்ளரும் போனது. அந்தத் தாயின் முகத்தை நான் மறக்கவில்லை. மறுபடி பால் குடிக்க ஐந்து மாதம் ஆனது.

ஓங்கரிப்பைக் கண்டு பயப்படாதீர்கள், ஆனால் தொண்டை அடைப்போடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். ஓங்கரித்தால் சத்தம் வரும், கண் கலங்கும், இருமுவான், தானே வெளியே தள்ளுவான். தொண்டை அடைத்தால் சத்தமே வராது. அதற்குச் செய்ய வேண்டிய முதலுதவியை வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள். முழுத் திராட்சை, கொட்டைகள், பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு எல்லாம் இந்த வயதுக்கு ஆகாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடவும் விடாதீர்கள்.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பிரச்சினையில் தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று கேளுங்கள். பிள்ளை மறுத்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பூனைத் திணிப்பவராக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வருவார். மற்ற நாட்களில் செய்யப்போவது நீங்கள்தான். அதனால் அவர் பிள்ளையோடு விளையாடுவதைப் போலவே உங்களுக்குச் சொல்லித்தருவதிலும் நேரம் செலவழிக்க வேண்டும். உங்களை அறைக்கு வெளியே உட்காரச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அவர் முதல் முறை வருவதற்கு முன்னால் மூன்று நாளைக்கு ஒரு தாளில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எதில் எவ்வளவு, பால் எத்தனை மில்லி, எத்தனை நிமிடம், பக்கத்தில் யார் யார், மலம் கழித்தானா இல்லையா. அத்தோடு அவன் சாப்பிடும்போது பக்கவாட்டில் நின்று இரண்டு நிமிட வீடியோ ஒன்று எடுத்து வையுங்கள், முகம் மட்டும் இல்லாமல் கால்களும் தெரிகிற மாதிரி.